ஆறு வந்த வழி

காவிரி நாட்டில் பிறக்கும் குழந்தைகள் ஆற்றை இரு வடிவில் அறிவர். ஆடித் திங்களில் அது கரையைத் தழுவி ஓடும் செந்நீர்ப் பெருக்கு. சித்திரையிலும் வைகாசியிலும் அதுவே வெண்மணல் வெளி. மாடுகள் அதில் குறுக்கே நடக்கும், சிறுவர் பந்தாடுவர், மகளிர் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் முகப்பர். ஓடிய நீர் எங்கே போயிற்று, இனி வரும் நீர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

தஞ்சை மாவட்டத்தில், குடமுருட்டியாற்றின் கரையில் இருந்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒரு சிறுமி அவ்வாறு கேட்டாள். பின்னாளில் அவள் நிலநூல் கற்பிக்கும் ஆசிரியையாகிப் பல்லாண்டு பணியாற்றினாள். 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் பெற்றோருடன் சென்ற மூன்று கோடைப் பயணங்களைத் தம் மாணவியர்க்கு அவ்வம்மையார் அடிக்கடி எடுத்துரைப்பது வழக்கம்.

அவளுடைய தந்தையார் நான்கு ஏக்கர் நிலம் உடைய உழவர்; எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தாளடி அறுவடை முடிந்தபின் குறுவைக்கு நாற்றுவிடும் நாள் வரையில் உழவர்க்கு ஓய்வு உண்டு. பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. சுற்றுலா என்னும் சொல் அக்காலத்தில் அவ்வூரில் வழங்கவில்லை. உறவினர் திருமணம், கோயில் திருவிழா ஆகிய இரண்டுக்கன்றி வெளியூர் செல்வார் அங்கு இலர். ஆகவே, "ஆற்றைப் பார்க்கப் போகிறோம்" என்று தந்தையார் கூறியபோது அண்டை வீட்டார் நகைத்தனர். வாசலில் ஓடும் ஆற்றைப் பார்க்க வண்டி கட்டுவானேன் என்பது அவர்கள் கேள்வி.

முதற்கோடையில் அவர்கள் சென்றது கல்லணைக்கு. திருவையாறு வரையில் மாட்டு வண்டி. அதற்கப்பால் திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பேருந்து. வழியெல்லாம் மூங்கில் தோப்புகளும் வாழைக் கொல்லைகளும் வந்தன. சிறுமியின் தம்பிக்கு ஆறு வயது. சன்னலோர இருக்கைக்காக அவன் செய்த வழக்கை ஈண்டு விரித்தல் வேண்டா.

கல்லணை சோழன் கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வரும் கொள்கை. ஆற்றின் குறுக்கே நேராக நில்லாமல் பாம்பு போல வளைந்து, 1,080 அடி நீளம் கிடக்கிறது அது. அதன் அடியில் பாறை இல்லை, மணல்தான் உண்டு. மணலின்மேல் இட்ட பெருங்கற்கள் தம் எடையால் அமிழ, அவற்றின்மேல் மேலும் கற்களைக் களிமண் சேர்த்து அடுக்கி எழுப்பிய அணை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இதனைக் கண்டு வியந்து, மணற்படுகையில் அணை கட்டும் முறையை இதனிடமே கற்றதாக எழுதினார். கொள்ளிடம் தாழ்ந்த படுகை உடையது. காவிரியின் நீரை அது தன்பால் இழுத்துக்கொண்டமையால் தஞ்சைக்கு வரும் நீர் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. அக்குறை தீர, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணையை 1836-ஆம் ஆண்டில் கட்டுவித்தவரும் அவரே.

தந்தையார் இவற்றையெல்லாம் அறிந்திருந்தார் அல்லர். அவர் அறிந்தது வேறு. மதகுகளின்மேல் நின்று கை நீட்டி, "இது காவிரி, இது வெண்ணாறு, இது புது ஆறு, அதோ, அது கொள்ளிடம். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்திற்குப் போகும், அளவாக வந்தால் இம்மூன்றுக்கும் பங்கு" என்றார். புது ஆறு என்று உழவர் கூறுவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு, 1934-இல் திறக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. அன்று நான்கிலும் நீர் இல்லை. அடைத்த மதகுகளின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. தாயார் புங்கமரத்தடியில் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தார். காலையில் கிளறிய புளிச்சோறு நண்பகலில் பெறும் சுவையை வீட்டில் இருந்து உண்பார் அறியார்.

"மதகைத் திறந்தால் நம் வீட்டுக்கு எத்தனை நாளில் நீர் வரும்?" என்றாள் சிறுமி. "திறந்தால் மறுநாளே வரும். ஆனால் இங்கு நீர் வந்தாலன்றோ திறப்பர்?" என்றார் தந்தையார். நீர் இருக்கும் இடம் இதுவன்று என்பது மட்டும் அன்று அவளுக்கு விளங்கியது.

மறு ஆண்டு ஆற்றின் மறு முனைக்குப் போயினர். ஐயம்பேட்டை நிலையத்தில் புகைவண்டி ஏறி, அந்நாளில் மாயூரம் என்று வழங்கிய மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பூம்புகாருக்குப் பேருந்தில் சென்றனர். பட்டினப்பாக்கமும் மருவூர்ப்பாக்கமும் இருந்த பெருநகரைக் காணப்போகும் ஆவலில் தாயார் இருந்தார். அவர் சிலப்பதிகாரக் கதையைத் தம் தந்தையாரிடம் கேட்டவர். அங்கே மீனவர் குடிசைகளும் தாழம்புதர்களும் கடலும் இருந்தன. இன்று அங்கு நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல்தான் எழுந்தது.

கடலைவிட அவர்களை வியப்பில் ஆழ்த்தியது ஆறே. குடகு மலையில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து வந்த காவிரி, கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு வாய்க்காலாக இளைத்துக் கிடந்தது. தம்பி கணுக்கால் நனைய அதனைக் கடந்து சென்று, அக்கரையில் நின்று கை தட்டினான். "இதுவா காவிரி!" என்று தாயார் உள்ளம் வருந்திக் கேட்டார்.

தந்தையார் மணலில் அமர்ந்து, ஒரு குச்சியால் கோடு இழுத்தார். நடுவே ஒரு தடித்த கோடு. அதிலிருந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைக்கோடுகள். கிளையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால். குச்சி கடற்கரையை அணுகியபோது நடுக்கோடு மெலிந்து மறைந்தது. "ஆற்றை எல்லாரும் வயலுக்குள் வாங்கிக்கொண்டோம், கடலுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை" என்றார் அவர். பிற்காலத்தில் கழிமுகம் என்னும் பாடத்தை நடத்தும்போதெல்லாம் அம்மையார் கரும்பலகையில் முதலில் வரைந்தது அந்த மணற்கோட்டுப் படத்தைத்தான்.

மூன்றாம் பயணத்திற்கு நீண்ட நாள் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. எருமைக் கன்று ஒன்றை விற்றனர் என்பதும் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஈரோடு வரையில் புகைவண்டி. அங்கிருந்து பவானி. பவானியாறு காவிரியோடு கூடும் துறையில் அனைவரும் நீராடினர். அதன்பின் மேட்டூர்.

மேட்டூர் அணையின் பெயரைக் கேளாமல் தஞ்சைக் குழந்தை எதுவும் வளர்வதில்லை. நாளிதழில் பிறர் அரசியலைப் படிக்க, உழவர் அணையின் நீர்மட்டத்தைப் படிப்பர். 1925-இல் தொடங்கிய கட்டட வேலை 1934-இல் முடிந்தது. அணையின் நீளம் ஏறத்தாழ 5,300 அடி. உயரம் 214 அடி. அதில் நீர் நிற்கக்கூடிய மட்டம் 120 அடி. நிறைந்தால் 9,347 கோடி கன அடி நீர் கொள்ளும். நீர் இருப்புப் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில் சூன் 12-ஆம் நாள் குறுவைக்காக மதகு திறப்பது மரபு.

அவ்வாண்டு நீர் மிகக் குறைந்திருந்தது. சுவரில் முன்பு நீர் நின்ற கறை மிக உயரத்தில் தெரிந்தது. நீரோ கீழே எங்கோ கிடந்தது. தந்தையார் நெடுநேரம் பேசாமல் நின்றார். வைகாசி முதல் வாரம் கழிந்துவிட்டது. இந்நீரைக் கொண்டு குறுவை விளையுமா என்பது அவர் கவலை. அங்கே தேநீர்க்கடை வைத்திருந்தவர், "நீர் இவ்வளவு வற்றினால் பண்ணவாடிக்குப் போங்கள். உள்ளே இருந்த ஊரைப் பார்க்கலாம்" என்றார்.

நீருக்குள் ஊர் இருந்தது என்பதை அக்குடும்பத்தார் அதுவரையில் கேட்டதில்லை.

கொளத்தூர் வழியாகச் சென்று, இறங்கி நடந்தனர். வெடித்த வண்டல் நிலம் கண்ணுக்கு எட்டிய வரை பரந்து கிடந்தது. பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. நீரின் ஓரத்தில், சலகண்டேசுவரர் கோயிலைச் சார்ந்த பெரிய நந்தி தனித்து அமர்ந்திருந்தது. அப்பால் நீரினின்று எழுந்து நின்றன பழைய கிறித்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்கள். அணை எழுந்தபோது அங்கிருந்த மக்கள் கோயிலையும் ஆலயத்தையும் விட்டு மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தனர். நீர் ஏறினால் மூழ்குவதும் இறங்கினால் வெளிப்படுவதுமாக அவை நின்றன. தம்பி ஓடிச் சென்று நந்தியின் கழுத்தைத் தொட்டான். உலர்ந்த சேறு அவன் கையில் ஒட்டியது.

நந்திக்குச் சற்று மேலே, வண்டலில் இளஞ்சோளம் பச்சைப் பசேலென நின்றது. அதன் நடுவே கிழவர் ஒருவர் குருவி ஓட்டிக்கொண்டிருந்தார். நீர் வற்றும்போது வெளிப்படும் நிலத்தில் இவ்வாறு பயிர் செய்வது அப்பகுதியார் வழக்கம்.

"எந்த ஊர், தம்பி?" என்றார் கிழவர்.

"தஞ்சாவூர்ப் பக்கம், ஐயா."

"அப்படியா! தண்ணீர் போகும் ஊர்" என்று கூறி அவர் முகம் மலர்ந்தார். கையைத் தூக்கி நீர்ப்பரப்பில் ஓரிடத்தைக் காட்டினார். "அதோ, அந்தக் கோபுரத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. அங்கே கிணறும் ஒரு புளியமரமும் இருந்தன. முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. உங்கள் பக்கம் விளைச்சல் எப்படி?"

தந்தையார் மெல்லச் சொன்னார். குறுவை மூன்று மாதப் பயிர் என்றும், நீர் காலத்தில் வந்தால் ஐப்பசி மழைக்குமுன் அறுத்துவிடலாம் என்றும் கூறினார். தம் நிலத்தின் அளவையும், கண்ட நெல்லின் அளவையும் மறைக்காமல் கூறினார். கிழவர் ஒவ்வொன்றையும் தம் சொந்த வயலைப் பற்றிக் கேட்பவர்போலக் கேட்டார்.

"இந்தச் சோளம் எப்போது அறுவடை?" என்று தாயார் வினவினார்.

"கதிர் பால் பிடித்துவிட்டது, அம்மா. இன்னும் இருபது நாள் தண்ணீர் ஏறாமல் இருந்தால் அறுத்துவிடுவேன். குடகில் மழை முந்திக்கொண்டால் போயிற்று. இரண்டு ஆண்டு அப்படித்தான் போயிற்று."

தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. குடகில் மழை முந்த வேண்டும் என்று அவர் ஊர்க் கோயிலில் பொங்கலிட்டு வேண்டிக்கொண்டு வந்தது வீட்டார் அனைவர்க்கும் தெரியும். கிழவர் இரண்டு கதிர்களை ஒடித்துக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். தாயார் கூடையில் எஞ்சியிருந்த முறுக்கையும் தஞ்சையிலிருந்து கொண்டுவந்த சிறு அரிசி மூட்டையையும் அவரிடம் தந்தார். வழியில் சமைப்பதற்கென்று எடுத்துவந்த குறுவை அரிசி அது. அவர் அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "இது அங்கே விளைந்ததா?" என்று கேட்டு, மேல்துண்டில் முடிந்துகொண்டார்.

ஒகேனக்கல் அருவியையும் காண்பது என்று முன்பு எண்ணியிருந்தனர். அது நடவாது போயிற்று. பணம் ஊர் திரும்புவதற்கே போதுமானதாயிருந்தது. புகைவண்டியில் தம்பி உறங்கினான். சிறுமி சோளக் கதிரை மடியில் வைத்திருந்தாள்.

ஊருக்கு வந்த அன்றே அவள் சுவரில் கரிக்கோடு இட்டு நாள் எண்ணத் தொடங்கினாள். சூன் 12 வந்தது, மதகு திறக்கவில்லை. ஊரார் ஆற்றங்கரையில் கூடிக் கூடிப் பேசினர். மேட்டூரில் உள்ளவர்க்குத் தஞ்சையைப் பற்றிக் கவலை இல்லை என்று சிலர் கடிந்தனர். முன்னெல்லாம் அப்பேச்சில் முதலாவதாகக் கலந்துகொள்ளும் தந்தையார் அவ்வாண்டு திண்ணையிலேயே இருந்துவிட்டார். நாற்றங்கால் உழாமல் கிடந்தது. அவர் நாள்தோறும் நாளிதழை வாங்கி வந்து, நீர்மட்டத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். என்ன மட்டம் என்று கேட்டவர்க்கு மட்டும் கூறினார்.

ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டார் ஓடிவந்தனர். குடகில் பெருமழை, மேட்டூருக்கு நீர்வரத்து மிகுந்துவிட்டது, அணை விரைந்து ஏறுகிறது, விரைவில் திறப்பர் என்பது செய்தி. தெருவெங்கும் ஆரவாரம் எழுந்தது. கலப்பையை எடுத்து வைக்கும் ஓசை வீடுதோறும் கேட்டது. தந்தையார் எழுந்தார், முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது. உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆயிற்று, அம்மா?" என்றார்.

சிறுமி சுவரருகே சென்று கோடுகளை இருமுறை எண்ணினாள்.

"பதினேழு, அப்பா" என்றாள்.