பண்ணையில் பங்கு சேரும் குடும்பங்கள்

விதைப்புக் காலத்தில் விவசாயிக்குப் பணம் தேவைப்படுகிறது. அறுவடைக்குப் பின்னரே அது கைக்கு வருகிறது. இவ்விடைக்காலத்தை நம் நாட்டுச் சிறு விவசாயிகள் பலர் கமிஷன் மண்டிக்காரரிடம் கடன் பெற்றே கழிக்கின்றனர். கடன் கொடுத்தவரிடமே, அவர் கூறும் விலைக்கு, விளைச்சலை ஒப்படைக்க வேண்டிய கட்டாயமும் அதனால் நேர்கிறது. அம்முன்பணத்தை உண்போரே அளிப்பதாகிய ஏற்பாட்டிற்குச் சமூக ஆதரவு வேளாண்மை என்று பெயர்.

ஜப்பானில் இது 'தெய்கெய்' எனப்படும். இணைந்து செயலாற்றுதல் என்பது பொருள். 1971-இல் அமைந்த ஜப்பானிய இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978-இல் இதற்குப் பத்து விதிகளை வகுத்தது. உற்பத்தியாளர் அனுப்பும் விளைபொருள் முழுவதையும் உண்போர் ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1986-இல் மாஸச்சூஸெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஒவ்வொரு பண்ணை இம்முறையைத் தொடங்கிற்று. நியூ ஹாம்ப்ஷயர்ப் பண்ணையில் ஆண்டுச் செலவுக் கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் தன் வசதிக்கேற்ற தொகையை வாக்களிக்கும்.

பங்குத்தொகை காய்கறியின் விலையன்று. பண்ணையை ஒரு பருவம் நடத்தும் செலவில் ஒரு பகுதியே ஆகும். ஒரு பண்ணையின் ஆண்டுச் செலவு ரூ. 4,80,000 எனவும், பங்கு சேரும் குடும்பங்கள் 40 எனவும் வைத்துக்கொண்டால், ஒரு பங்கு ரூ. 12,000. நாற்பது வாரங்களுக்குக் கூடை வருமாயின் வாரத்திற்கு ரூ. 300. விதை, எரு, பாசனம், வண்டிச் செலவு ஆகியவற்றுடன் விவசாயியின் சொந்த உழைப்பிற்குரிய கூலியும் இக்கணக்கில் சேர வேண்டும். பெரும்பாலும் மறக்கப்படுவது இதுவே. பண்ணை இரண்டாம் ஆண்டில் தள்ளாடுவதற்கும் இது காரணமாகலாம்.

வாரந்தோறும் கூடை நிறைய வேண்டுமாயின் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. முள்ளங்கி சுமார் நாற்பது நாட்களிலும், வெண்டை ஏறக்குறைய ஐம்பது நாட்களிலும் பலன் தரும். பூசணிக்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். ஆகவே குறுகிய காலப் பயிர்களை இரண்டு மூன்று வார இடைவெளியில் சிறு பாத்திகளாக விதைத்து வருதல் நலம். பறித்த காய்களும் சுவாசிக்கின்றன. வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அச்சுவாசம் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகும். எனவே விடியற்காலையில் பறித்து, நிழலில் வைத்து, அன்றே வழங்குதல் வேண்டும். பண்ணை அருகிலிருப்பதன் பெரும்பயன் இங்கேதான் விளங்குகிறது.

ஆலங்கட்டி மழையில் தக்காளி முழுவதும் அழிந்ததாகக் கொள்வோம். பங்குத்தொகை குறைக்கப்பட மாட்டாது. எஞ்சிய கீரையும் கிழங்குமே கூடைக்கு வரும். சந்தையில் வரத்து மிகுந்து விலை சரியும் வாரங்களில் கூடை விலையுயர்ந்ததாகவும் தோன்றும். மூன்றாவது வாரமும் முள்ளங்கியே வந்தால் வீட்டில் முணுமுணுப்பு எழுவது இயல்பே. இவற்றைப் பணம் பெறுமுன் தெளிவாகக் கூறாத அமைப்பாளர், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தையே உறுப்பினரிடம் வளர்ப்பார்.

விவசாயிக்கும் இதற்கு ஈடான கடமை உண்டு. சந்தை விலை ஏறும்போது நல்ல காய்களை வெளியே விற்றுவிட்டு எஞ்சியதைக் கூடையில் இடுதல் தகாது. களையெடுக்காமையால் நேர்ந்த நஷ்டமும் ஆலங்கட்டியால் நேர்ந்த நஷ்டமும் ஒன்றல்ல. வேறுபாட்டை உறுப்பினர் தாமே அறியும்படி வயலும் கணக்குப் புத்தகமும் திறந்திருத்தல் அவசியம். கூடையின் எடையை வாரந்தோறும் குறித்து வைத்தல் உயர்வகுப்பு மாணவர்க்கு நல்ல கணக்குப் பயிற்சியாகும்.

முழுத்தொகையை ஒருசேரச் செலுத்த இயலாத குடும்பங்கள் தவணையில் செலுத்தலாம். அல்லது களையெடுப்பு, தரம் பிரித்தல் போன்ற வேலைகளில் குறித்த நாட்கள் உழைத்து ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். எத்தனை நாட்கள் என்பதை விதைப்பிற்கு முன் கூடும் கூட்டத்திலேயே எழுதிக் கொள்ள வேண்டும்.