ஜூல் என்னும் மனிதரும் ஜூல் என்னும் அலகும்

சென்ற பருவத்தில் நம் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆற்றலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அதில் 'ஜூல்' என்றிருந்ததைக் கண்ட நண்பர் ஒருவர், வடவெழுத்து ஆகாதென்று 'சூல்' எனத் திருத்திவிட்டார். ஆற்றலின் அலகு கருப்பமாகிவிட்டது! கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. இலங்கைப் பாடநூல்கள் 'யூல்' என்றெழுதி இந்த இடரினின்று தப்பின என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரத்தில், விடுதியில் என் பக்கத்து அறையிலிருக்கும் போலந்து மாணவரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு" என்றார். ஆங்கில எழுத்தையே வைத்திருப்பவர்களுக்கு என்ன தொல்லை என்று நான் நினைத்தேன், தவறு. போலிஷ் நெடுங்கணக்கில் 32 எழுத்துக்கள். க்யூ, வீ, எக்ஸ் மூன்றும் அதில் இல்லை. அயற்சொற்களில் மட்டுமே வரும். வகரத்துக்கு டபிள்யூ எழுதுகிறார்கள். ஜே எழுத்துக்கோ யகர ஒலி!

ஆகவே ஜூல் என்னும் அறிஞரின் பெயரை ஆங்கிலத்தில் உள்ளபடியே எழுதுகிறார்கள். அவர் பெயரால் அமைந்த அலகை மட்டும் டீயும் புள்ளி வைத்த இஸட்டும் சேர்த்து, ஜகரம் ஒலிக்குமாறு சிறிய எழுத்தில் புதிதாக எழுதுகிறார்கள். மனிதர் அவர் வீட்டுக்காரர். அலகு நம் வீட்டுப் பொருள். நியூட்டனுக்கும் இதே முறைதான். வாட் என்னும் அலகில் இரட்டை டகரம்கூட ஒன்றாகிவிட்டது.

பழகிய பெயர்களில் இன்னும் துணிவு. ஷேக்ஸ்பியரை 'ஷெக்ஸ்பிர்' என்றும் எழுதலாம். டார்வினின் முதற்பெயர் 'கரோல்' ஆகிறது. அரசி எலிசபெத்தோ 'எல்ஷ்பியெத்தா'.

இதற்கெல்லாம் காரணம் வேற்றுமை உருபு. லண்டன் அங்கே 'லொண்டின்'. லண்டனிலிருந்து என்னும்போது 'லொண்டினு' என்றும், லண்டனில் என்னும்போது 'லொண்டிஞெ' என்றும் ஈறு திரியும். உருபு ஏற்காத சொல் வாக்கியத்தில் ஒட்டாமல் நிற்கும். ஆனால் மெய்யீற்று ஆங்கிலக் குடும்பப் பெயர் பெண்ணுக்குரியதானால் திரியாது: ரேகனுடைய என்பதற்கு 'ரேகனா', தாட்சருடைய என்பதற்கு வெறும் 'தாட்சர்'தான். ஈற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று அறியலாம்.

நான் மிகவும் ரசித்தது ஜீன்ஸ். அதில் ஏற்கெனவே பன்மை ஸகரம் இருக்கிறது; அது போதாதென்று போலிஷ்காரர் 'ஜின்ஸி' என்று தம் பன்மையையும் மேலே ஏற்றிவிட்டார். கேக்கின் பன்மை அவர்களிடம் 'கெக்ஸ்' என்று ஒருமையாயிற்று. சிரிக்க வேண்டாம், நாமும் ஒற்றைக் காலுக்கு 'ஒரு பூட்ஸ்' என்கிறோமே!

சிலவற்றை மொழிபெயர்த்தும் கொண்டார்கள். ஆங்கிலேயன் வானத்தைச் சுரண்டுவதாகச் சொன்ன உயர்ந்த கட்டடம் அவர்களுக்கு மேகத்தைச் சுரண்டுவது. 'வீக்கெண்ட்' மட்டும் எழுத்தும் மாறாமல் ஆங்கிலம் போலவே நிற்கிறது. ஏனென்று கேட்டேன், நண்பர் தோளைக் குலுக்கினார்.

அவர் எழுதிக் காட்டிய தாளை நம் திருத்துநரிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். 'ஜூல்' இருக்கட்டும் என்று இசைந்துவிட்டார். 'வாட்'டில்தான் வழக்குத் தீரவில்லை. 'உவாற்று' என்றே எழுத வேண்டுமாம்.