ஈரல் நோயும் இருபடிச் சோதனையும்

உடலுறுப்புக்களுள் ஈரல் பொறுமை மிக்கது. தனக்குற்ற தீங்கை நெடுங்காலம் வெளிக்காட்டாது. ஹெப்பாட்டைட்டிஸ் சி என்னும் வைரஸ் கிருமி அதனுட் புகுந்து, 20 அல்லது 30 ஆண்டுகள் தங்கி, ஈரலை வடுப்படுத்திச் சுருங்கச் செய்யும். சிலர்க்குப் புற்றையும் விளைக்கும். அதுகாறும் நோயுற்றார் பலர் தம்மை நலமுடையர் என்றே எண்ணியிருப்பர். ஆகலின் இரத்தச் சோதனையே இதனை அறியும் வழியாகும். 1989-ஆம் ஆண்டில் மைக்கேல் ஹௌட்டனும் அவருடன் உழைத்தோரும் இக்கிருமியை இனங்கண்டமையால் அச்சோதனை கைகூடிற்று.

சோதனை இருபடித்து. முதற்படி, கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தேடுவது. கிருமி புகுந்தபின் அது தோன்றுதற்கு இரண்டு மூன்று திங்கள் செல்லலாம். தோன்றியபின், கிருமி ஒழிந்தாலும் அது பெரும்பாலும் ஒழிவதில்லை. நூற்றுவருள் ஏறத்தாழ 30 பேர் ஆறு திங்களுக்குள் மருந்தின்றியே கிருமியினின்று நீங்குகின்றனர். அவர்தம் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் காணப்படும். கள்வனது அடிச்சுவடு அவன் வந்தமையை உணர்த்துமேயன்றி, இன்னும் வீட்டினுள் உளன் என்பதை உணர்த்தாது. அதனை அறிய உள்ளே சென்று தேடல் வேண்டும். கிருமியின் ஆர்.என்.ஏ. என்னும் கூற்றை நேரே தேடும் இரண்டாம் சோதனை அத்தகையது. அது காணப்படின் மருத்துவம் வேண்டும்.

முற்காலத்து இன்டர்பெரான் ஊசி மருந்து பெருந்துன்பம் தந்தும் பலர்க்குப் பயன்படவில்லை. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோபோஸ்புவிரை வேறொரு மருந்துடன் சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம் உண்டால், நூற்றுவருள் 95 பேர்க்கு மேல் குணமடைகின்றனர். எனினும் மீண்டும் தொற்றுதல் கூடும். தடுப்பூசியும் இன்றளவும் இல்லை.

இவ்வுண்மைக்கு எகிப்து நாடு சான்று. அங்கு நீர்நத்தை வாயிலாக வரும் புழுநோயை ஒழிக்கக் கருதி, 1950 முதல் சில பத்தாண்டுகள் செவ்வனே தூய்மை செய்யப்படாத ஊசிகளால் மருந்து ஏற்றினர். அதனால் இக்கிருமி நாடெங்கும் பரவிற்று. 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்தனர். எதிர்ப்பொருள் கண்டாரை இரண்டாம் சோதனைக்கு அனுப்பி, கிருமியுடையார்க்கு மருந்தளித்தனர். 2023-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டின் வெற்றியைப் பாராட்டிற்று.

உடனுண்ணலாலும் கைதொடுதலாலும் இந்நோய் பரவாது. ஆகவே, முதற் சோதனையின் முடிவொன்றே கண்டு ஒருவர் மனமுடைதலும், பிறர் அவரை விலக்குதலும் அறிவுடைமையன்று. அஞ்சிச் சோதியாதிருத்தல் அதனினும் தீது.