பாடம் 14: எத்தனை படி?

பாடத்துக்கு முன்

நீங்கள் வீட்டை விட்டுத் தூர இடத்துக்குப் போய் இரவு தங்கி இருக்கிறீர்களா? எங்கே தங்கினீர்கள்? மாமா வீட்டிலா, ஹொட்டேலிலா, கூடாரத்திலா? அந்த இடத்தை யார் தெரிவு செய்தார்கள்? பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் சொல்லுங்கள்.

வாசிப்போம்

ஸ்காபரோவில் இருக்கும் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. தம்பி கவினுக்கு எட்டு வயது. கோடை விடுமுறையில் அம்மா, அம்மம்மா, யாழினி, கவின் நான்கு பேரும் கியூபெக் நகரத்துக்குப் போக நினைத்தார்கள். இரண்டு இரவு, மூன்று பகல்.

கியூபெக் நகரம் ரொறன்ரோவில் இருந்து ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தூரம். யூனியன் நிலையத்தில் ஏறி, மொன்றியல் வழியாக ரயிலில் போகலாம். அம்மம்மா ரயிலை "கோச்சி" என்றுதான் சொல்லுவா.

அது மிகவும் பழைய நகரம். 1608ஆம் ஆண்டு சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். பழைய நகரத்தைச் சுற்றி 4.6 கிலோமீற்றர் நீளமான கல் மதில் இன்றும் நிற்கிறது. 1985இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. நகரம் இரண்டு தட்டாக இருக்கும். ஆற்றங்கரையில் கீழ் நகரம், பாறையின் மேலே மேல் நகரம். இரண்டுக்கும் நடுவில் நிறையப் படிகள். படி ஏற முடியாதவர்களுக்குப் பாறையின் சரிவில் ஏறி இறங்கும் ஒரு சிறிய கயிற்று வண்டி உண்டு. அது 1879இல் ஓடத் தொடங்கியது.

அம்மா ஒரு கொப்பியைத் திறந்தா. "தங்கிற இடத்துக்கும், காலைச் சாப்பாட்டுக்கும், பஸ்சுக்கும் 450 டொலர் வைச்சிருக்கிறன். அதுக்கு மேலை ஏலாது. யாழினி, நீ தேடிப் பார்" என்றா.

யாழினி மூன்று இடங்களைக் கண்டுபிடித்தாள். (இந்த விலைகள் பாடத்துக்காக நாங்கள் எழுதிய கணக்கு.)

இடம் 1. மதிலுக்கு உள்ளே ஒரு ஹொஸ்ரல். பொது அறை. ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு 40 டொலர். தெரியாதவர்களும் அதே அறையில் படுப்பார்கள்.

இடம் 2. அதே ஹொஸ்ரலில் குடும்ப அறை. நான்கு கட்டில். ஓர் இரவு 170 டொலர். குளியலறை வெளியே. எல்லோரும் பாவிக்கும் குசினி உண்டு. மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லை.

இடம் 3. நகரத்துக்கு வெளியே ஒரு மோட்டல். ஓர் இரவு 120 டொலர். படி இல்லை. குசினியும் இல்லை. பழைய நகரத்துக்குப் பஸ்சில் போக வேண்டும்.

"மோட்டல்தான் மலிவு! அதை எடுப்பம்" என்று கவின் துள்ளினான்.

"பொறு, கணக்குப் பார்ப்பம்" என்றாள் யாழினி.

நீங்களும் அவளோடு சேர்ந்து பாருங்கள். திரையில் முதலில் தெரியும் விலை முழு விலை இல்லை. கியூபெக்கில் தங்குமிட வரி 3.5 வீதம். அதற்கு மேலே கனடா வரியும் மாகாண வரியும் வரும். எல்லாம் சேர்த்தால் 100 டொலர் அறை ஏறக்குறைய 119 டொலர் ஆகிவிடும். ஆகவே விலையை 1.19 ஆல் பெருக்குவோம்.

மோட்டல்: 120 × 2 = 240. வரியோடு 285.60.
நான்கு பேருக்குப் பஸ், ஒரு நாளுக்கு 30: மூன்று நாளுக்கு 90.
குசினி இல்லை. இரண்டு காலையும் கடையில் சாப்பிட 80.
மொத்தம் 455.60 டொலர்.

குடும்ப அறை: 170 × 2 = 340. வரியோடு 404.60.
நடந்து போகலாம். பஸ் இல்லை.
குசினியில் சமைக்கப் பாணும் முட்டையும் பாலும் 15.
மொத்தம் 419.60 டொலர்.

பார்த்தீர்களா? மலிவு என்று நினைத்த இடம் கடைசியில் 450 டொலரைத் தாண்டிவிட்டது!

பொது அறையின் கணக்கு இன்னும் குறைவு. ஆனால் யாழினி விதிகளை வாசித்தாள். "இஞ்சை பதினெட்டு வயதுக்குக் குறைஞ்ச ஆக்கள் பொது அறையிலை படுக்க ஏலாதாம்" என்றாள். பல ஹொஸ்ரல்களில் இப்படி ஒரு விதி இருக்கும். முதல் இடம் போய்விட்டது.

"அப்ப குடும்ப அறைதான்" என்றா அம்மா.

அம்மம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. இப்போது மெதுவாகச் சொன்னா:

"நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ பிள்ளை. நான் வீட்டை நிக்கிறன். எனக்கு உந்த ஊரெல்லாம் பாக்க வேணும் எண்டு ஒரு ஆசையும் இல்லை."

அம்மம்மா சொன்னது உண்மையா? கோச்சியில் போக வேண்டும் என்று முதலில் கேட்டதே அம்மம்மாதான். யாழினிக்கு அது நினைவு வந்தது. பிறகு அவள் அம்மம்மாவின் முழங்காலைப் பார்த்தாள். எண்ணெய் பூசி, துணி சுற்றி இருந்தது. மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லை.

யாழினிக்கு விளங்கிவிட்டது.

உரையாடல்

யாழினி அம்மாவின் போனில் ஹொஸ்ரலுக்கு அழைத்தாள். "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் கதைத்தாள். அதைத் தமிழில் தருகிறோம்.

யாழினி: உங்களிடம் கீழே ஒரு குடும்ப அறை இருக்கிறதா?
பணியாளர்: முதலாம் மாடியில் ஒன்று இருக்கிறது.
யாழினி: முதலாம் மாடி என்றால் தெருவோடு இருப்பதா, அதற்கு மேலே இருப்பதா?
பணியாளர்: நல்ல கேள்வி! தெருவோடு இருப்பது.
யாழினி: வாசலில் இருந்து அறைக்குப் போக எத்தனை படி?
பணியாளர்: கொஞ்சம் பொறுங்கள், எண்ணிவிட்டு வருகிறேன். … வாசலில் இரண்டு படி. உள்ளே ஒன்றும் இல்லை.
யாழினி: குளியலறைக்கு?
பணியாளர்: அதே மாடியில், பக்கத்துக் கதவு.
யாழினி: அந்த அறையில் ஏதாவது குறை இருக்கிறதா?
பணியாளர்: இருக்கிறது. யன்னலால் ஆறு தெரியாது, பின் முற்றம்தான் தெரியும். குசினி பக்கத்தில் இருப்பதால் காலை ஆறு மணிக்கே சத்தம் கேட்கும். ஓர் இரவு 180 டொலர்.
யாழினி: நன்றி. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

180 × 2 = 360. வரியோடு 428.40. காலைச் சாப்பாட்டோடு 443.40. மிச்சம் 6 டொலர் 60 சதம்!

"ஆனா ஆறு தெரியாதே" என்று கவின் முகத்தைச் சுழித்தான். "காலமை ஆறு மணிக்கே சத்தமாம்" என்று அம்மாவும் யோசித்தா.

"ஆறு மணியோ?" என்று அம்மம்மா சிரித்தா. "நான் அஞ்சுக்கே எழும்பித் தேத்தண்ணி போட்டிடுவன். அவைதான் என்ரை சத்தத்திலை எழும்பப் போகினம்!"

அன்று இரவு அம்மம்மா பெட்டிக்குள் முதலில் வைத்த பொருள் எது தெரியுமா? தேயிலைப் போத்தல்.

ஏன் "எத்தனை படி?" என்று கேட்க வேண்டும்?

ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் "முதலாம் மாடி" என்றால் பெரும்பாலும் தெருவோடு இருக்கும் தளம். இலங்கையில் "முதலாம் மாடி" என்றால் ஒரு படிக்கட்டு ஏறிப் போகும் தளம். ஒரே சொல், இரண்டு பொருள். ஆனால் "எத்தனை படி?" என்று கேட்டால் எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான்.

இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் என் அம்மாவை ஒரு பழைய நகரத்துக்குக் கூட்டிப் போனேன். விலையை மட்டும் பார்த்து அறை எடுத்தேன். நான்கு மாடி, ஒடுக்கமான படி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் "நீ போய்ப் பாத்திட்டு வா, நான் இஞ்சை இருந்து புத்தகம் வாசிக்கிறன்" என்றா. அம்மா புத்தகம் கொண்டு வரவில்லை என்பது பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

பெரியவர்கள் பல நேரம் "எனக்கு ஏலாது" என்று சொல்ல மாட்டார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்வார்கள். நீங்கள் கவனிக்க வேண்டும்.

தெரிந்துகொள்வோம்

*ஹொஸ்ரல் எப்படி வந்தது?* ஜேர்மனியில் ரிச்சார்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போவார். 1909இல் ஒரு நாள் பெரிய இடிமழை. எல்லோரும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். "விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கினால் என்ன?" என்று அவர் நினைத்தார். பிறகு 1912இல் அல்டேனா கோட்டையில் முதலாவது இளைஞர் விடுதி வந்தது. கனடாவில் மேரி பார்க்லி, கதரின் பார்க்லி என்ற சகோதரிகள் 1933இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் பிராக் கிறீக்கில் ஒரு கூடாரத்தில் முதல் விடுதியைத் தொடங்கினார்கள்.

*எங்கள் ஊரில்?* வழிப்போக்கர் தங்கும் இடம் தமிழருக்குப் புதிது இல்லை. அதை மடம், சத்திரம், சாவடி என்று சொன்னார்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. பெயரே சொல்கிறது: தெருவுக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் கல் திண்ணை. தெருவில் போகிறவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் அங்கே இளைப்பாறினார்கள். மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. காசிக்குப் போகும் தமிழருக்காக நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே சத்திரம் தொடங்கினார்கள்.

*யப்பானில்?* கியோட்டோ நகரம் 794ஆம் ஆண்டில் யப்பானின் தலைநகரம் ஆனது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. அங்கே "மச்சியா" என்ற பழைய மரவீடுகள் சிலவற்றை இப்போது விடுதி ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் வீடுகளைப் போல வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நிலத்தில் மெத்தை விரித்துப் படுக்கலாம். ஆனால் அந்த வீடுகளின் படி பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். 2018 முதல் அங்கும் தங்குமிட வரி உண்டு. ஆகவே அங்கே போனாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: வரியோடு எவ்வளவு? எத்தனை படி?

பேச்சும் எழுத்தும்

வீட்டில் பேசுவது ஒரு விதம். கட்டுரையில் எழுதுவது இன்னொரு விதம். இரண்டும் தமிழ்தான்.

மூண்டு – மூன்று
எண்டு – என்று
இஞ்சை – இங்கே
ஏலாது – முடியாது
நிக்கிறன் – நிற்கிறேன்
என்ரை – என்னுடைய
போகினம் – போகிறார்கள்
போட்டு வாங்கோ – போய்விட்டு வாருங்கள்

புதிய சொற்கள்

மதில் – ஓர் இடத்தைச் சுற்றிக் கட்டிய உயரமான சுவர்
மின்தூக்கி – மின்சாரத்தால் மேலும் கீழும் போகும் பெட்டி, லிஃப்ட்
குசினி – சமையலறை
வரி – விலைக்கு மேலே அரசுக்குக் கட்டும் பணம்
வழிப்போக்கர் – பயணம் போகிறவர்
இளைப்பாறு – களைப்புத் தீர ஓய்வு எடு

பயிற்சி

1. விடை எழுதுங்கள்.
 அ) யாழினி ஏன் இடம் 1ஐத் தெரிவு செய்யவில்லை?
 ஆ) மோட்டல் ஏன் உண்மையில் மலிவு இல்லை?
 இ) "எனக்கு ஒரு ஆசையும் இல்லை" என்று அம்மம்மா ஏன் சொன்னா?

2. கணக்கு. ஓர் இரவு 150 டொலர் அறை. மூன்று இரவு தங்கினால் வரியோடு எவ்வளவு?

3. அம்மம்மா பேசிய இரண்டு இடங்களையும் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.

4. இருவராக நடியுங்கள். ஒருவர் பயணி, மற்றவர் விடுதிப் பணியாளர். பயணி குறைந்தது ஐந்து கேள்வி கேட்க வேண்டும். "ஏதாவது குறை இருக்கிறதா?" என்பது அதில் ஒன்று.

5. கதையுங்கள். கவினுக்கு ஆறு தெரியும் யன்னல் கிடைக்கவில்லை. அவனுக்கு இது நியாயமா? நீங்கள் அக்கா என்றால் அவனுக்கு என்ன சொல்வீர்கள்?

வீட்டு வேலை

உங்கள் அம்மம்மா, அப்பப்பா அல்லது வேறு ஒரு பெரியவரிடம் தமிழில் கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயதிலை தூர இடத்துக்குப் போனால் எங்கை தங்குவீங்கள்?" அவர்கள் சொல்வதை ஐந்து வசனத்தில் எழுதி வாருங்கள். பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இப்ப போறதெண்டால் எங்கை போக ஆசை?" விடை "ஒரு இடமும் வேண்டாம்" என்று வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.