டிவிஆரில் இடும் ஐபி எண் கடல் தாண்டுமா?

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எனத் தென்சென்னைப் புறநகரில் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்படும் இடங்களிலெல்லாம், காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியில் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி எண்) போட்டுவிட்டால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே வாசலைப் பார்க்கலாம் என்ற பேச்சு ஓயாமல் உலவுகிறது. இது முழுத் தவறு. இதைச் சொல்லிப் பணம் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வலையமைப்புக்குள் மட்டும் புழங்குவதற்கென 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் இணைய நெறி ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. சேலையூர் டிவிஆருக்கு இட்ட 192.168.1.64 என்ற எண்ணைச் சிகாகோவிலிருக்கும் மகன் தட்டினால், அந்தத் தேடல் அவர் வீட்டு ரவுட்டரைத் தாண்டாது. அங்கே அதே எண் ஒரு டிவிக்கு இருந்தால், அந்த டிவியிடம்தான் போய் நிற்கும்.

வெளியுலகுக்குத் தெரிவது இணைய நிறுவனம் தரும் பொது முகவரி. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனதால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சிஜிநாட் முறை பரவி, அதற்கென 2012இல் தனி எண்வரிசையும் ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் வெளியிணைப்பு (WAN) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் தெரிந்தால், வீட்டு ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும், அந்த ஐபிவி4 இணைப்பில் வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்காது. நிலையான பொது முகவரியை இணைய நிறுவனத்திடம்தான் கேட்டுப் பெற வேண்டும். தயாரிப்பாளரின் செயலி வழியாகப் பார்ப்பவர்களுக்கோ அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. டிவிஆர் தானே வெளியே சென்று தயாரிப்பாளரின் சர்வரோடு இணைந்துகொள்கிறது.

அப்படியானால் கருவியில் இடும் நிலையான எண் எதற்கு? கரன்ட் போய் வந்தபின் ரவுட்டர் டிவிஆருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால், பழைய எண்ணை நம்பிச் செய்த அமைப்புகள் குலைந்துவிடும் என்பதற்காகத்தான். முகவரியின் கடைசிப் பகுதியில் 2 முதல் 100 வரை ரவுட்டர் தானாகப் பங்கிடுகிறது என்றால், 150 போன்ற வெளி எண்ணைத் தேர்ந்து, மாஸ்க் 255.255.255.0 என்றும், கேட்வே ரவுட்டரின் முகவரி என்றும் இட வேண்டும்.

ஸ்டாட்டிக் ஐபி போட்டால் நெட் வேகம் கூடும் என்பது பொய். வேகத்தைத் தீர்மானிப்பவை திட்டம், கேபிள், வைஃபை ஆகியவை. பாதுகாப்பு கூடும் என்பதும் பொய்.

பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் முதலில் மாற்ற வேண்டியது பாஸ்வேர்டு. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பெருந்திரளாகக் கைப்பற்றி, தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சேவையைத் தாக்கிப் பெயர்பெற்ற தளங்களை முடக்கியது. கேமரா பொருத்தியவர் படி இறங்கும் முன்பே, வீட்டுக்காரர் தம் கையால் புதிய பாஸ்வேர்டை இட்டுக்கொள்வதே முறை.