ஆண்டுக்கணக்கில் ஓடாத ஆயில் இஞ்சினை மீண்டும் ஓட்டும் முறை

திருப்பூர் மாநகராட்சியுடன் 2011ஆம் ஆண்டில் இணைக்கப்பட்ட நல்லூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வெளியூர் மக்கள் பனியன் கம்பெனிகளைக் கொண்டே அறிவர். எனினும் இப்பகுதியில் கிணற்றை நம்பிய தோட்டங்கள் இன்னமும் உள்ளன. அத்தோட்டத்துச் சாளைகள் பலவற்றில் பழைய ஆயில் இஞ்சின் ஒன்று மூலையில் கிடப்பதைக் காணலாம். கவலை ஏற்றத்துக்குப் பிறகு வந்து, மின் மோட்டார் பெருகியதும் ஒதுக்கப்பட்டவை இவை. 1990ஐ ஒட்டி விவசாய மின்சாரம் இலவசமான பின் இவற்றைத் தொட்டவர் சிலரே.

இவை பெரும்பாலும் இரண்டு வகைப்படும். இருபுறமும் பெரிய சக்கரம் வைத்து, நிமிடத்துக்கு 650 சுற்று மெதுவாக ஓடும் லிஸ்டர் வகை ஒன்று. இங்கிலாந்தில் தோன்றிய இவ்வகையைக் குஜராத்திலுள்ள ராஜ்கோட் பட்டறைகள் பல்லாண்டுகளாகச் செய்து வந்துள்ளன. மற்றது 1500 சுற்று ஓடும் கிர்லோஸ்கர் போன்ற இஞ்சின். இரண்டுமே கெட்டியான வார்ப்பு. இருபது ஆண்டு கிடந்ததனாலேயே அவை வீணாகிவிடுவதில்லை.

கோடையில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய், காயும் பூவுமாகத் தக்காளி நிற்கும்போதுதான் இந்த இஞ்சினின் நினைவு வருகிறது. உடனே டீசல் ஊற்றி நான்கு பேர் சேர்ந்து ஹேண்டிலைச் சுற்றுகிறார்கள். துருவேறிய ரிங் உடைகிறது. எண்ணெயில்லாத பேரிங் உரசித் தேய்கிறது. கிடந்தபோது கெடாத இஞ்சின் அந்த ஐந்து நிமிடத்தில் கெடுகிறது. ஆகவே அவசரமில்லாத மாதத்திலேயே ஒரு வாரம் ஒதுக்கி இவ்வேலையைச் செய்து வைப்பது நலம்.

சுற்றுவதற்கு முன்

முதல் விதி, ஹேண்டிலைத் தொடாதிருப்பது. புகைக்குழாயிலும் காற்று வடிகட்டியிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி பஞ்சு சேர்த்திருக்கும். இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யவும். பிறகு அடியிலுள்ள பழைய எண்ணெயை ஒரு தட்டில் வடித்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். ஈரக்காற்றினாலும் இது நேரலாம். ஹெட் கேஸ்கட் போயிருந்தாலும், வார்ப்பில் வெடிப்பு இருந்தாலும் நேரலாம். விரலிடுக்கில் தேய்க்கும்போது மினுமினுப்பான பொடி தென்பட்டால் பேரிங்கை மெக்கானிக்கிடம் காட்டாமல் மேலே செல்லக்கூடாது.

பக்கக் கதவைத் திறந்து அடியில் உறைந்த சகதியை டீசல் கொண்டு கழுவவும். நம் ஊரில் துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது. வெளிப்புறத்துக்கு அது போதும். உள்ளே பயன்படுத்த வேண்டாம். வெட்டிய ஓரங்களிலிருந்து உதிரும் நூல் எண்ணெய் வழியை அடைத்துவிடும். உள்ளே துடைக்க நன்கு துவைத்த பழைய வேட்டித் துணியே ஏற்றது.

பிஸ்டன் பிடித்திருந்தால்

நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இஞ்சின் எண்ணெயும் சமமாகக் கலந்து அரைக்கால் டம்ளர் ஊற்றவும். இரண்டு மூன்று நாள் அப்படியே விடவும். வேலையில் பாதியை இந்தக் காத்திருத்தலே செய்துவிடும். பிறகு சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கவும். ஒரு விரற்கடை அசைந்தாலும் போதும், மறுநாள் இன்னும் கொஞ்சம் அசையும். ஹேண்டிலில் நீண்ட பைப்பைச் செருகி நெம்புவது கூடாது. ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே வழி.

சுற்றத் தொடங்கியதும் நாசில் துளை திறந்தே இருக்கட்டும். ஊற்றிய எண்ணெய் முழுவதும் வெளியே தெறிக்க வேண்டும். திரவம் காற்றைப்போல் அமுங்காது. உள்ளே தேங்கியிருக்கையில் நாசிலைப் பூட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். இரு வால்வுகளும் ஏறி இறங்கி ஸ்பிரிங் விசையில் தாமாக மூடுகின்றனவா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளவும்.

டீசல் வழி

நாள்பட்ட டீசல் பிசினாகிறது. டாங்க்கின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்கின்றன. எல்லாவற்றையும் வடித்து, கழுவி, புதிய பில்டர் போடவும். டீசல் பம்பிலுள்ள ரேக் எனும் சிறு தண்டும், அதை அசைக்கும் கவர்னர் இணைப்பும் தடையின்றி நகர வேண்டும். இதை நம்மவர் பலரும் பார்ப்பதில்லை. ரேக் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், இஞ்சின் பிடித்ததும் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும்.

காற்றை வெளியேற்றிய பின் நாசிலை வெளியில் குழாயோடு பூட்டி, டீசல் பனிப்புகைபோல் சிதறுகிறதா என்று பார்க்கலாம். அதன் முன்னே கையை நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியே தெரிந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தண்ணீர்

நொய்யல் கரைப் பகுதிகளில் சாயக்கழிவால் கிணற்று நீர் உப்பானதை யாவரும் அறிவர். கழிவை முற்றிலும் வெளிவிடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பயிருக்கு ஆகாத உப்பு நீர் இஞ்சினுக்கும் ஆகாது. அது நீர்ச்சட்டையை அரிக்கும். சுண்ணாம்புப் படிவு சேர்ந்தால் சூடு வெளியேறாது. படிவைச் சுரண்டிக் கழுவிவிட்டு, தனித் தொட்டியில் மழைநீரை நிரப்பிச் சுற்றிவரச் செய்வது சிறந்தது.

முதல் ஓட்டம்

தகட்டிலோ கையேட்டிலோ குறித்துள்ள தரத்தில் புதிய எண்ணெய் நிரப்பவும். லிஸ்டர் வகையில் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள அகப்பை எண்ணெயை வாரி இறைத்தால்தான் மற்ற பாகங்கள் நனையும்; ஆகவே பேரிங்குகளின் மேலும் ராக்கரிலும் முதலில் எண்ணெய்க் கேனால் ஊற்ற வேண்டும். டீசலை நிறுத்தி, வால்வைத் தூக்கி வைத்து, ஐம்பது சுற்றாவது வெறுமனே சுற்றவும். ஆயில் பம்பு உள்ள இஞ்சினில், எண்ணெய் மேலே ராக்கர் வரை வரும்வரை சுற்றவும்.

பெல்ட் மாட்ட வேண்டாம். துண்டு, தொங்கும் வேட்டி முனை, சேலைத் தலைப்பு ஆகியவை சக்கரத்தருகே இருக்கக்கூடாது. ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எதிர்த்து உதைத்தால் கை விடுபடும். இன்னொருவர் காற்றுத் துளையருகே ஒரு பலகையுடன் நிற்க வேண்டும். சிலிண்டரில் தங்கிய எண்ணெயையே எரித்து இஞ்சின் ஓடத் தொடங்கினால் டீசலை நிறுத்தியும் நிற்காது. காற்றைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முற்படுவது ஆபத்து.

பிடித்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்தவும். பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்க்கவும். சரியாக இருந்தால் அரைமணி ஓட்டலாம். ஆறிய பின் ஹெட் நட்டுகளைச் சரிபார்க்கவும். முதல் எண்ணெய் உள்ளிருந்த அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவரும். சில மணி நேர ஓட்டத்திலேயே அதை மாற்றிவிடுவது சிக்கனமே.

கிணற்றுக்குள் வேண்டாம்

பம்பு நடைமுறையில் ஆறேழு மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். நீர்மட்டம் இறங்க இறங்க இஞ்சினைக் கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்த பழக்கம் முன்பு இருந்தது. இப்போது அதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; கிணற்றினுள் தேங்கி ஆளை மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அதே கதிக்கு ஆளாவார். இறங்காமல் தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 எண்ணில் அழைக்கவும். நீர்மட்டம் ஆழமாயிருந்தால் இஞ்சினை மேலேயே நிறுத்தி ஜெனரேட்டரைச் சுற்றச் செய்து, நீர்மூழ்கி மோட்டாரை இயக்க முடியுமா என்று மின் பணியாளரிடம் கேட்டு முடிவு செய்யலாம். அவ்வாறு செய்வோர் மின்வாரிய இணைப்போடு அது சேராதபடி மாற்றுச் சுவிட்சு பொருத்த வேண்டும்.

வேலை முடிந்து மீண்டும் மூடி வைக்கும்போது, இரு வால்வுகளும் மூடியிருக்கும் அமுக்க நிலையில் சக்கரத்தை நிறுத்தவும். ஈரக்காற்று உள்ளே நுழையாது. புகைக்குழாய் வாய்க்கு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து விடவும். மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, திரும்பவும் அதே நிலையில் நிறுத்தி வைக்கவும்.