பங்குனிக்கு வா, அம்மிணி

கொடுமுடி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஆடிப் பதினெட்டை ஒட்டி பெங்களூர் ஆபீஸ் சிநேகிதர்களை ஆத்தங்கரைத் தோட்டத்துக்குக் கூட்டி வரப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சாயங்காலம் பந்துருட்டல், வளையம் எறிதல் என்று விளையாட்டு, கூடவே நாலைந்து வகை ஒயினை ஊற்றி ருசி பார்ப்பது என்று ஏற்பாடாம். தோட்டத்தில் சின்னஞ்சிறுசுகளின் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகிறது. நீ வருவதில் எனக்கும் அம்மாயிக்கும் சந்தோசம்தான். தடுக்க இதை எழுதவில்லை கண்ணு.

முதல் கவலை ஆறு. ஆடியில் காவேரி எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இதே ஆத்தில் உன் சின்ன மாமனுக்கு நேர்ந்ததை நம் வீட்டில் யாரும் மறக்கவில்லை. 2024 ஆடியில் மேட்டூர் 120 அடி நிரம்பி, வந்த தண்ணீரை அப்படியே திறந்துவிட்டார்கள். கரையோரத்து ஜனங்கள் மேட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பெங்களூர்ப் பிள்ளைகளுக்குச் சுழல் எங்கே இருக்கும் என்று தெரியுமா? இரண்டு கிளாஸ் உள்ளே போனபிறகு பந்து தண்ணீர்ப் பக்கம் உருண்டால், யாராவது ஒருத்தன் பின்னாலேயே இறங்குவான். அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

காற்றும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வீசும் காற்றுக்கு நீங்கள் எறியும் வளையம் நேராகப் போகாது. தென்னந்தோப்புத் தரையும் புல்வெளி இல்லை. பாத்தி, வரப்பு, வாய்க்கால் என்று கால் இடறும். எந்த மாதம் வந்தாலும் சரி, முந்தின நாளே மரமேறுகிறவரை வரச்சொல்லிக் காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிடுகிறேன். களத்து மேட்டில் விளையாடுங்கள்.

ஒயினைக் குறைத்துப் பேசவில்லை. நாசிக் பக்கம் திராட்சை போட்ட குடியானவர்கள் பலர் அதனால் தலையெடுத்திருக்கிறார்கள். முறையாக ருசி பார்க்கிறவர்கள் ஒரு வாய் அளவு ஊற்றி, நிறம் பார்த்து, சுழற்றி மோந்து, நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்களாம். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. விளையாட்டுக்கு நடுவில் அந்த நிதானம் நிற்காது. ஓடி வேர்த்தவன் தாகத்துக்குத்தான் குடிப்பான். இரண்டையும் சேர்த்துத்தான் வைப்பாய் என்றால் விளையாட்டு முழுக்க முடியட்டும், தண்ணீரும் சோறும் வயிற்றுக்குப் போகட்டும், அதற்கப்புறம் கிளாஸை எடுங்கள். அன்று ராத்திரி யாரும் வண்டி எடுக்கக் கூடாது. கர்நாடகத்துப் பாட்டிலை அனுமதி இல்லாமல் ஓசூர் தாண்டிக் கொண்டுவருவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. நம் தென்னையில் பாளை சீவிய கத்தி இன்னமும் மச்சில் கிடக்கிறது. 1987இல் கள்ளை நிறுத்தினார்கள். 2003இலிருந்து அரசாங்கமே கடை நடத்திப் பாட்டில் சாராயம் விற்கிறது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை திறந்திருக்கிறது. என் மரத்துப் பாலை நான் புளிக்கவைத்தால் மட்டும் போலீஸ். 2017இல் தென்னையில் புளிக்காத நீரா இறக்கலாம் என்றார்கள், அதற்கும் உரிமம் வாங்கித் தீர வேண்டும். ஈரோட்டில் 1921இல் பெரியார் வீட்டு நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு வீதியில் இறங்கினார்கள், பெரியார் தம் தென்னைகளையே வெட்டினார். குடி எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்று கண்ணால் கண்டவன் நான், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் இன்றைக்குக் குடி நிற்கவில்லை, மரமேறுகிறவன் பிழைப்புத்தான் நின்றது. அந்தத் தோப்பிலேயே எங்கிருந்தோ வந்த பாட்டிலைத் திறந்து உட்காருவதை என்னால் பார்க்க முடியாது, அம்மிணி.

ருசி பார்க்க நம்மிடம் தெளுவு, அதுதான் பதநீர், இருக்கிறதே! ஆடியை விட்டுப் பங்குனியில் வா, பனை நன்றாகச் சுரக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்து, விடிகிற நேரத்தில் இறக்கி, ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் அந்த ருசி போய்விடும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் ஒரு ருசி, குறைந்தால் ஒரு ருசி. கிழக்கு வரப்பு மரத்துக்கும் கிணற்றடி மரத்துக்கும் இனிப்பில் வித்தியாசம் உண்டு. உன் சிநேகிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கட்டும், அதுவே ஒரு பந்தயம். வெயிலுக்கு முன்னால் கபடி, கிட்டிப்புள், உறியடி. புளியமரத்தில் தூரி கட்டித் தருகிறேன். மத்தியானம் நுங்கு. அப்போது ஆறும் அடங்கிக் கிடக்கும். உத்திரத்துக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம், பழனிக்குத் தீர்த்தம் எடுக்க வருகிற காவடிக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது.

படித்தவள் நீ, முடிவு உன்னுடையது. ஆடியில்தான் என்றாலும் வா. ஆத்துப் பக்கத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நிறையச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே தங்கம். உன் சிநேகிதர்கள் எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். எத்தனை பேர் என்று மட்டும் முன்னமே எழுது. அம்மாயி அவர்களுக்குச் சந்தகையும் ஒப்புட்டும் செய்ய இப்போதே சாமான் எழுத ஆரம்பித்துவிட்டாள். மாடியறைக்குப் புதுப் பாய் வாங்கிப் போடுகிறேன். கறி சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா, அதையும் சொல். எந்த மாதமானாலும், யாரோடு வந்தாலும், ஈரோட்டு ரயிலடியில் வந்து நிற்பேன்.

உன் அப்புச்சி